மாட்டு மயக்க ஊசி ஆளுக்குக் குத்திட்டா: "தூங்கி எழுந்தா சரியாயிடும்"ங்கறது எவ்வளவு நிஜம்?

பாலக்கோட்டுக்காரன்
17-11-2024, இரவு 8.52

கொம்பு அறுக்கறதுக்கு மாட்டுக்கு மயக்க ஊசி போடுறாங்க. மாடு உதறுற நேரத்துல ஊசி போடுறவர் கையிலயோ, கயிறு பிடிக்கிறவர் தொடையிலயோ அது ஏறிட்டா என்ன ஆகும்? எங்க கொட்டாய்ப் பக்கம் சொல்றது: "அரை நாள் தூங்குவான், எழுந்து களி கேட்பான், அவ்வளவுதான்." ஆளுக்கு ஆபரேஷன் பண்ணும்போதும் மயக்க மருந்துதானே, ரெண்டும் ஒரே சாதிதானேன்னு ஒரு வாதம். தெரிஞ்சவங்க சொல்லுங்க. கூடவே இன்னொரு கேள்வி: மயக்க ஊசி போட்ட மாட்டுப் பாலை சொசைட்டிக்கு ஊத்தலாமா?

டிராவிஸ்
17-11-2024, இரவு 9.40

ஒரே சாதி இல்லை. மாட்டுக்குப் பெரும்பாலும் போடுறது சைலசின். 1962-ல ஜெர்மனியில பேயர் கம்பெனி கண்டுபிடிச்சது. முதல்ல ரத்தக்கொதிப்புக்கு ஆளுக்குக் கொடுக்கலாம்னு பார்த்தாங்க. பிரஷர் ரொம்ப இறங்குது, மூளை மந்தமாகுதுன்னு கைவிட்டு, மிருக வைத்தியத்துக்கு மட்டும் வெச்சுக்கிட்டாங்க. அதாவது மனுஷனுக்கு ஒத்துவராதுன்னு ஒதுக்கின மருந்து இது.

உடம்புக்குள்ள போனா மூளையிலயும் நரம்பிலயும் ஆல்ஃபா-2ங்கற ஏற்பியை (மருந்து போய் ஒட்டுற இடம், ஒரு சுவிட்ச் மாதிரி) அழுத்தும். நரம்பு நார் அட்ரினலினை வெளிவிடுறது குறையும். முதல்ல கொஞ்ச நேரம் பிரஷர் ஏறலாம், அப்புறம் இறங்கும். நாடி 40, 45-க்கு விழும். கண் சொருகும், வாய் வறளும், பேச்சு குழறும், மூச்சு மெதுவாகும். பயப்பட வேண்டியது தூக்கத்துக்கு இல்லை, தூக்கத்துக்குள்ள நாக்கு பின்னால விழுந்து மூச்சு அடைக்கிறதுக்கும், நாடி மேலும் மேலும் இறங்குறதுக்கும்தான். "தூங்கட்டும் விடு"ன்னு கட்டில்ல போட்டுட்டு எல்லாரும் பால் கறக்கப் போயிட்டா, பக்கத்துல மூச்சு எண்ண ஆள் இல்லை.

குத்தின உடனே:

ஊசியை எடு. காயத்தை ஓடுற தண்ணியில சோப்பு போட்டுக் கழுவு. கசக்காதே, வாய் வெச்சு உறிஞ்சாதே, கீறாதே. பாம்புக் கடிக்குக் கட்டுற மாதிரி கயிறும் கட்டாதே (பாம்புக் கடிக்கே கட்டக்கூடாது, அது வேற கதை). மேல தெளிச்சிருந்தா சட்டையைக் கழட்டிக் கழுவு. கண்ணுல பட்டிருந்தா குழாய்த் தண்ணியில 15 நிமிஷம்.

குத்தின ஆள் வண்டி ஓட்டக் கூடாது. மருந்து லேபிள்லயே இதைத் தனியா போட்டிருக்கான். நம்ம ஊர்ல நடக்கறது நேர்மாறு. "ஒண்ணும் இல்லண்ணா, நானே ஆஸ்பத்திரிக்குப் போயிக்கறேன்"னு டிவிஎஸ்ஸை உதைப்பான். பத்து நிமிஷம் கழிச்சு மருந்து வேலை செய்யும்போது ராயக்கோட்டை ரோட்டுல ஏதோ ஒரு வளைவுல இருப்பான்.

108 கூப்பிடு. தூக்கம் வந்துட்டா இடப்பக்கமா ஒருக்களிச்சுப் படுக்க வை. காப்பி, மோர், புளித்தண்ணி எதுவும் வேண்டாம், பாதி மயக்கத்துல குடிச்சா நுரையீரலுக்குத்தான் போகும். மருந்து பாட்டிலைக் கையோட எடுத்துப் போ. ரொம்ப முக்கியம், ஏன்னு அப்புறம் எழுதறேன்.

ஊசிமுனை
17-11-2024, இரவு 10.15

களி கேட்கிறதுக்கு முன்னாடி குளுக்கோஸ் பாட்டில் கேட்பான்னு சொல்லுங்க.

ஒரு விஷயம் பிரிச்சுப் பேசணும். ஊசி *கீறினது* வேற, ஊசி *ஏறி பிஸ்டனும் அமுங்கினது* வேற. முதல் வகைதான் அதிகம். அதுக்கும் 108-ஆ?

டிராவிஸ்
17-11-2024, இரவு 10.48

நியாயமான கேள்வி. கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

நம்ம ஊர்ல மாட்டுக்குப் புழங்குற சைலசின் பாட்டில் 1 மி.லி.க்கு 20 மி.கி. 300 கிலோ மாட்டுக்குத் தசையில கிலோவுக்கு 0.1 மி.கி. வீதம் போட்டா 30 மி.கி., அதாவது ஒன்றரை மி.லி. மாட்டுக்கு இந்த மருந்து ரொம்பச் சீக்கிரம் ஏறும். குதிரைக்கு இதைப் போல பத்து மடங்கு வேணும். அதனாலதான் மாட்டு சிரிஞ்சுல அளவு கொஞ்சமா தெரியுது. "ஒன்றரை மி.லி.தானே"ன்னு தோணும்.

ஊசி கீறி ஒரு சொட்டு, 0.05 மி.லி. உள்ளே போச்சுன்னு வைங்க. அது 1 மி.கி. பெரிய ஆளுக்கு அதுல பெரும்பாலும் லேசான அசதி, வாய் வறட்சியோட முடியும். கழுவிட்டு, ஒருத்தரைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு, வண்டி தொடாம, ஆரம்ப சுகாதார நிலையத்துல நாடியும் பிரஷரும் பார்த்துட்டா போதும்.

அதே சொட்டு 100 மி.கி. பாட்டில்லருந்து வந்தா? அது 5 மி.கி. காட்டு மிருகத்துக்கும் குதிரைக்கும் அந்த வீரியத்துல வருது. அதை விடக் கெட்டியா ஒண்ணு இருக்கு: 500 மி.கி. சைலசின் பொடியை 100 மி.கி. வீரியமுள்ள கீட்டமின் (இன்னொரு மயக்க மருந்து) 4 மி.லி.யில கரைச்சா, ஒவ்வொரு மி.லி.யிலும் 125 மி.கி. சைலசின், 100 மி.கி. கீட்டமின். ஜெர்மனியில மூனிக் ஹெல்லாபுருன் மிருகக்காட்சி சாலையில உருவான கலவை, அந்தப் பேரிலயே வழங்குது. அதுல ஒரு சொட்டுன்னா "கீறல்தானே"ன்னு பேச முடியாது.

அதனால "எவ்வளவு குத்திச்சு"ன்னு கேட்கிறதுக்கு முன்னாடி "எந்த பாட்டில்"னு கேளுங்க. சிரிஞ்சுல எவ்வளவு ஏத்தினீங்க, இப்ப எவ்வளவு மிச்சம், ரெண்டும் தெரிஞ்சா வித்தியாசம்தான் உள்ளே போனது. மாடு உதறினதுல பாதி வெளியில சிந்தியிருந்தாலும் முழுசும் உள்ளே போனதாத்தான் கணக்கு வைக்கணும்.

பிஸ்டன் அமுங்கியிருந்தா யோசிக்கவே வேண்டாம், 108.

இரவு டூட்டி
18-11-2024, காலை 2.20

பாட்டிலை ஏன் கொண்டுவரணும்னு ஆஸ்பத்திரிப் பக்கத்துலருந்து சொல்றேன்.

தருமபுரி, கிருஷ்ணகிரி அவசரப் பிரிவுல, ஒரு விவசாயி அரை மயக்கத்துல வர்றார், கண்மணி சுருங்கியிருக்கு, நாடி 42. பார்க்கிற டாக்டருக்கு முதல்ல தோணுறது பூச்சிமருந்து. தப்பு சொல்ல முடியாது, இந்த ரெண்டு மாவட்டத்துலயும் வர்றதுல அதுதான் நிறைய. பூச்சிமருந்துன்னா அட்ரோபினை (நாடியை ஏத்தி, சளியை வறள வைக்கிற மருந்து) அஞ்சு நிமிஷத்துக்கு ஒருமுறை ரெட்டிப்பாக்கி, நெஞ்சுச் சளி வறளுற வரை ஏத்துவோம். சைலசினுக்கு அது தேவையில்லை. நாடி ரொம்ப இறங்கி பிரஷரும் தாங்கலைன்னா அரை முதல் 1 மி.கி., அதுக்கு மேல அளந்துதான்.

பிரிச்சுப் பார்க்க வழி இருக்கு. பூச்சிமருந்துல ஆள் நனைஞ்சு இருப்பார்: வேர்வை, எச்சில், கண்ணீர், நெஞ்சுல சளி, தசை துடிப்பு, சில நேரம் பூண்டு மாதிரி நாத்தம். சைலசின்ல வாய் காய்ஞ்சு கிடக்கும். நாக்கைத் தொட்டுப் பார்த்தாலே பாதி விடை.

ரெண்டாவது குழி, சர்க்கரை. சைலசின் இன்சுலின் சுரப்பை அடக்கும். விரல்ல குத்திப் பார்த்தா சர்க்கரை ஏறியிருக்கும். "சர்க்கரை மயக்கம்"னு எடுத்துக்கிட்டு இன்சுலின் போட ஆரம்பிச்சா, மருந்து இறங்குற நேரத்துல சர்க்கரை தரைக்குப் போயிடும்.

மூணாவது, சிறுநீர்ல போதை மருந்து பார்க்கிற சாதாரண அட்டையில சைலசின் காட்டாது. அட்டை சுத்தமா இருக்குன்னு "ஒண்ணும் சாப்பிடலை"ன்னு முடிவு கட்டக் கூடாது.

கூட வர்றவங்க ஒரே ஒரு வரி சொன்னா போதும்: "மாட்டு மயக்க ஊசி, சைலசின், குளோனிடின் மாதிரி மருந்து." குளோனிடின் எல்லா டாக்டருக்கும் தெரியும், பழைய பிரஷர் மாத்திரை. அந்தப் பேரைக் கேட்டதும் என்ன செய்யணும்னு கை தானா போகும்: மூச்சு, ஆக்சிஜன், ஈசிஜி, சலைன், நாடிக்கு அட்ரோபின், ஒரு நாளாவது கண்காணிப்பு. மருந்து முழுக்க இறங்க 8 மணி நேரமும் ஆகலாம், ரெண்டு மூணு நாளும் ஆகலாம்.

"ஒரே சாதியா" விவாதத்துக்கு ஒரு திருத்தம். சைலசினோட தங்கச்சி டெக்ஸ்மெடிடோமிடின் எங்க ஐசியூவுல தினமும் ஓடுது. கீட்டமின், லிக்னோகெயின் (இடத்தை மட்டும் மரக்க வைக்கிற ஊசி) ரெண்டும் ஆளுக்கும் உண்டு. ஆனா டெக்ஸ்மெடிடோமிடின் ஓடுறது கிலோவுக்கு மணிக்கு 0.2லருந்து 0.7 மைக்ரோகிராம் கணக்குல, பம்பு வெச்சு, மானிட்டர் பார்த்துக்கிட்டு. மாட்டுக் கொட்டாயில மானிட்டர் இல்லை.

டிராவிஸ்
18-11-2024, காலை 7.05

மேல சொன்னது சரி. "ஒரே சாதி இல்லை"ன்னு நான் அடிச்சுச் சொன்னது கொஞ்சம் அதிகம். சாதி ஒண்ணுதான், வீரியமும் இடமும் வேற.

வாய் வறட்சி அடையாளத்துக்கு ஒரு பின்குறிப்பு. மாட்டைப் பார்த்துப் பழகினவங்களுக்கு இது குழப்பும். சைலசின் போட்ட மாடு எச்சில் வடிச்சுக்கிட்டு, தலையைத் தொங்கப் போட்டு, குடம் குடமா மூத்திரம் போகும். மாடு எச்சிலை விழுங்க முடியாமத்தான் வடியுது. ஆளுக்கு அதையே எதிர்பார்க்காதீங்க.

கொட்டாய்
18-11-2024, மதியம் 1.30

சார், ஒரு சந்தேகம். அறுத்து முடிச்சதும் மாட்டை எழுப்ப டாக்டர் இன்னொரு ஊசி போடுறாரே, அதையே குத்தின ஆளுக்குப் போட்டா? மாடு அஞ்சு நிமிஷத்துல எழுந்து புல் மேயுது.

டிராவிஸ்
18-11-2024, மாலை 6.22

அது யோகிம்பின். டோலசோலின், அடிபமெசோல்னும் இருக்கு. ஆல்ஃபா-2 ஏற்பியை விடுவிச்சு மாட்டை எழுப்பும். மனுஷனுக்கு சைலசின் முறிவுன்னு அங்கீகாரம் வாங்கின மருந்து எதுவும் கிடையாது. போட்டா பிரஷர் எகிறலாம், நாடி ஓடலாம், வலிப்பு வரலாம். டாக்டர் பையில இருக்குங்கறதுக்காக யாரும் கை வைக்க வேண்டாம். மூச்சைக் காப்பாத்தினா மருந்து தானா இறங்கிடும், அதுக்குத்தான் ஆஸ்பத்திரி.

நலோக்சோனும் (அபின் வகை மருந்துக்கு முறிவு) சைலசினுக்கு வேலை செய்யாது.

உரிகம்
18-11-2024, இரவு 8.10

கடைசி வரியைத் திருத்துங்க. நலோக்சோன் வேண்டாம்னு படிச்சவன் காட்டுப் பக்கம் வந்தா ஆபத்து. இங்க வெறும் சைலசின் இல்லை.

டிராவிஸ்
18-11-2024, இரவு 9.55

திருத்தறேன், விரிவா.

யானை, காட்டெருமைக்கு நம்ம மாநிலத்துல சைலசின்-கீட்டமின் கலவை பழக்கம். ஆனா எட்டார்ஃபின்னு ஒண்ணு இருக்கு. அபின் வகை, மார்ஃபினைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல வீரியம். காண்டாமிருகத்துக்கும் யானைக்கும் உலகம் முழுக்கப் பயன்படுத்துறாங்க. அது தோல்ல ஒரு கீறல் வழியா, கண்ணுல ஒரு தெளிப்பு வழியா போனாலே நிமிஷத்துல மூச்சு நிக்கும். அதுக்கு முறிவு நலோக்சோன்தான். 0.4 முதல் 2 மி.கி., மூச்சு திரும்புற வரைக்கும் 2-3 நிமிஷத்துக்கு ஒருமுறை. இங்க கிடைக்கிற ஆம்பியூல் 0.4 மி.கி. ஒண்ணு ரெண்டு வெச்சுக்கிட்டு ஆரம்பிக்கக் கூடாது, ஒரு பெட்டி வேணும். இன்னொரு சிக்கல், நலோக்சோன் சீக்கிரம் இறங்கிடும், எட்டார்ஃபின் இறங்காது. ஆள் எழுந்து உட்கார்ந்து பேசுவான், அரை மணி கழிச்சு மறுபடி மூச்சு நிக்கும். எழுந்துட்டான்னு வீட்டுக்கு அனுப்பிடாதீங்க.

யானையை எழுப்புற டைபிரினார்ஃபின் ஆளுக்கு இல்லை, நலோக்சோன் கையில இருக்கும்போது அதைத் தொட வேண்டாம்.

ஆக, சைலசின் மட்டும்னு உறுதியாத் தெரிஞ்சா நலோக்சோன்ல பலன் இல்லை. என்ன மருந்துன்னு தெரியாம மூச்சு மெதுவா இருந்தா போட்டுப் பார்க்கலாம், கெடுதல் இல்லை. அமெரிக்காவுல ஃபென்டனில்ங்கற அபின் வகை போதை மருந்துல சைலசினைக் கலந்து விக்கிறாங்க, 2023 ஏப்ரல்ல அரசாங்கமே புது ஆபத்துன்னு அறிவிச்சுது. அங்கயும் இதே விதிதான்: நலோக்சோன் கொடு, ஆனா ஆள் எழுந்திரிக்கலைன்னா திரும்பத் திரும்பக் குத்திக்கிட்டு இருக்காதே, மூச்சு கொடு.

வாயோட வாய் வெச்சு மூச்சு ஊதுறதா இருந்தா, மருந்து முகத்துல தெளிச்சிருக்கான்னு பாருங்க. முதல்ல துடை, கழுவு. ஆம்பு பை (கையால அமுக்கி மூச்சு கொடுக்கிற பை) இருந்தா அதுதான் நல்லது.

உரிகம்
18-11-2024, இரவு 11.30

இப்ப சரி. டார்ட் (துப்பாக்கியால தூரத்துலருந்து அடிக்கிற மயக்க ஊசி) பத்தி நான் எழுதறேன், ஏன்னா இந்த மாவட்டத்துல மயக்க மருந்து ஊர் ஜனத்துக்குப் பக்கத்துல வர்றது அதாலதான். ஜவளகிரி, தளி, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, ராகி அறுப்பு நேரத்துல யானை எங்க நிக்கும்னு சொல்ல வேண்டியதில்லை. 2023 பிப்ரவரியில பாலக்கோடு பக்கம் தோட்டத்துல சுத்தின மக்னாவை (தந்தம் இல்லாத ஆண் யானை) மயக்க ஊசி போட்டுப் பிடிச்சு ஆனைமலைக்கு ஏத்தினாங்க. அன்னிக்கு மரத்து மேல, மாடி மேல எவ்வளவு ஜனம்!

டார்ட் எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சா ஏன் தொடக்கூடாதுன்னு புரியும். முன் அறையில மருந்து, பின் அறையில அழுத்தின காத்து. நடுவுல ரப்பர் அடைப்பு. ஊசி நுனி அடைச்சிருக்கும், பக்கவாட்டுல ஓட்டை, அந்த ஓட்டையை ஒரு சிலிகான் உறை மூடியிருக்கும். மிருகத்து மேல பட்டதும் உறை பின்னால தள்ளுது, ஓட்டை திறக்குது, காத்து மருந்தை உள்ளே தள்ளுது.

குறி தப்பின டார்ட் என்ன ஆகும்? புதர்ல விழுந்தா உறை நகராது. மருந்து முழுசும் உள்ளே, காத்து அழுத்தத்தோட. யானைக்கு அளந்த மருந்து அது. பின்னால சிவப்பு, மஞ்சள் வால் குஞ்சம் வேற, குழந்தை கண்ணுக்குப் பொம்மை. எடுத்து உறையை இழுத்தா முகத்துல பீச்சும். மரத்துலயோ பாறையிலயோ பட்டிருந்தா உறை பாதி நகர்ந்திருக்கும், அசைச்சாலே போதும். வெளிநாட்டுல மிருக வைத்தியர் ஒருத்தர் மரத்துல மாட்டின டார்ட்டைப் பிடுங்கினப்ப கண்ணுலயும் வாய்லயும் தெளிச்சது, அதுல இருந்தது எட்டார்ஃபினை விடவும் வீரியமான கார்ஃபென்டனில், சைலசினோட கலந்தது. உடனே முகம் கழுவியும் ரெண்டு நிமிஷத்துல கண் சொருகிச்சு. கூட இருந்தவங்க கையில முறிவு இருந்ததால பிழைச்சார்.

டார்ட் அடிக்கிற குழுவுல நாங்க செய்யறது: எத்தனை டார்ட் ஏத்தினோம், எத்தனை அடிச்சோம், எத்தனை திரும்ப வந்துச்சு, மூணும் நோட்டுல. கணக்கு ஒத்து வராம இடத்தை விட்டுக் கிளம்பக் கூடாது. திரும்ப எடுக்கும்போது கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு ரப்பர் கையுறை, ஊசி எப்பவும் ஆள் இல்லாத பக்கம். பிடுங்கும்போது ஈரத் துணியை மடிச்சு ஊசி மேல சுத்தி, வால் பக்கம் காத்தை இறக்கின பிறகுதான் கழட்டணும். மருந்து ஏத்துறப்ப பக்கத்துல இன்னொரு ஆள் கண்டிப்பா இருக்கணும், அவருக்கு முறிவு மருந்து எங்க இருக்கு, எப்படிப் போடணும்னு தெரிஞ்சிருக்கணும்.

ஊர்க்காரங்களுக்கு ஒரே விஷயம். வயல்ல டார்ட் கண்ணுல பட்டா தொடாதீங்க, ஒரு கொம்பு நட்டு அடையாளம் வையுங்க, குழந்தையை விலக்குங்க, வனத்துறைக்கு ஃபோன் பண்ணுங்க.

பாலக்கோட்டுக்காரன்
19-11-2024, காலை 6.10

யானை வரைக்கும் போயிட்டீங்க. என் பால் கேள்வி கறக்காமலே நிக்குது.

டிராவிஸ்
19-11-2024, காலை 8.30

மன்னிக்கணும் அண்ணா. அமெரிக்காவுல மருந்து எச்சத்துக்குன்னே ஒரு தரவு மையம் இருக்கு, அவங்க பரிந்துரை: சைலசின் போட்ட மாட்டுப் பால் 24 மணி நேரம், கறி 4 நாள் வேண்டாம். கீட்டமின் சேர்ந்திருந்தா பால் 48 மணி. ஆக ரெண்டு வேளைப் பாலைக் கீழ ஊத்துங்க, கீட்டமின்னா நாலு வேளை. கன்றுக்கும் வேண்டாம்.

மயக்கத்துலயே மாடு செத்துட்டா கறிக்கு வித்துடாதீங்க. நாய்க்கும் போடாதீங்க, ஆழமாப் புதைச்சிடுங்க. பிழைக்காதுன்னு மருந்து போட்டு முடிச்ச மாடா இருந்தா இன்னும் கண்டிப்பா. அந்த பார்பிட்டூரேட் மருந்து சதையில அப்படியே நிக்கும், தின்ன நாயும் கழுகும் சாகும்.

சினை மாட்டுக்குக் கடைசி மூணு மாசத்துல சைலசின் போட மாட்டாங்க, கருப்பை சுருங்கும்னு. அதே காரணம் ஆளுக்கும் உண்டு. கர்ப்பமா இருக்கிற பொண்ணுங்க இந்த சிரிஞ்சு பக்கத்துல, கயிறு பிடிக்கக் கூட நிக்க வேண்டாம்.

ஊசிமுனை
19-11-2024, இரவு 9.15

குத்தாம இருக்க என்ன வழின்னு யாரும் எழுதலை, நான் எழுதறேன். நிறைய தடவை காரணம் மாடு இல்லை, சிரிஞ்சு.

வெறுமனே சொருகுற சிரிஞ்சு வேண்டாம், திருகி மாட்டுற லூயர் லாக் வாங்குங்க. சொருகுறதுல மாடு சதையை இறுக்கினா ஊசி அங்க நிக்கும், சிரிஞ்சு கையில நிக்கும், மருந்து மூஞ்சியில இருக்கும். பாட்டில்ல காத்தை நிறைய ஏத்தாதீங்க. எடுக்கிற மருந்துக்குச் சமமா ஏத்தினா போதும். மிஞ்சினா ஊசி வெளிய வரும்போது பீச்சும். பாட்டிலைக் கண்ணுக்கு நேரா தூக்கிப் பிடிச்சு உறியறது எல்லாருக்கும் பழக்கம், அதுல தெளிச்சா நேரா கண்ணுதான்.

மூடியைத் திரும்ப ரெண்டு கையால மாட்டாதீங்க. மாட்டித்தான் ஆகணும்னா மூடியைத் தரையில வெச்சு ஒரு கையால கோர்த்து எடுங்க. சிரிஞ்சைச் சட்டைப் பையிலயோ, காதுல பீடி சொருகுற மாதிரி வாயிலயோ வெச்சுக்கிட்டுக் கயிறு கட்டாதீங்க. முதல்ல மாட்டை டிராவிஸ்ல (மாட்டை அசையாம நிறுத்துற சட்டம்) ஏத்திக் கட்டு, மூக்கணாங்கயிறை இறுக்கு, அப்புறம்தான் ஊசி மூடியைத் திற. பிடிக்கிறவர் எதிர்ப் பக்கம் நிக்கணும், ஊசி போடுற கழுத்துக்குக் குறுக்கால கை வரக்கூடாது.

கையுறை போடச் சொன்னா சிரிக்கிறாங்க. கேழ்வரகு அறுத்து வெடிச்ச கையில மருந்து பட்டா முழுத் தோல் மாதிரி தடுக்காது.

நாய்க்குக் குடும்பக் கட்டுப்பாடு முகாம்ல கீட்டமினும் சைலசினும் ஒரே சிரிஞ்சுல போகும், அதுல குத்தினா அறிகுறி கலந்து வரும். கீட்டமின் நாடியை ஏத்தும், சைலசின் இறக்கும். ஆள் கண்ணைத் திறந்துக்கிட்டே இல்லாததைப் பார்த்துப் பேசுவான், கண்மணி ஆடும். "சாமி வந்திருக்கு"ன்னு வேப்பிலை எடுக்காதீங்க.

இரவு டூட்டி
20-11-2024, காலை 3.40

மாட்டு டாக்டர்ங்க மாட்டைப் படுக்க வைக்கப் போடுற டிரைஃப்ளுபுரோமசின் பத்தி ரெண்டு வரி. அதுலயும் பிரஷர் இறங்கும், கழுத்தும் நாக்கும் ஒரு பக்கமா முறுக்கிக்கும். பிரஷருக்கு அட்ரினலின் போட்டா இன்னும் இறங்கும், நார் அட்ரினலின்தான் சரி. இதுக்கும் பாட்டில் வேணும்.

கொட்டாய்
20-11-2024, இரவு 7.50

உண்ணி மருந்து குடிச்சவங்களுக்கும் இதே மாதிரி கண்ணு சொருகி நாடி இறங்குதே, அது எப்படி?

டிராவிஸ்
20-11-2024, இரவு 10.05

சரியான இடத்துல கை வெச்சீங்க. மாட்டு உண்ணிக்குத் தெளிக்கிற அமிட்ராஸ், வேதியல் வேற ஆனாலும் அழுத்துறது அதே ஆல்ஃபா-2 ஏற்பியை. நாடி இறக்கம், கண்மணி சுருக்கம், சர்க்கரை ஏத்தம், தூக்கம், எல்லாம் சைலசின் மாதிரியே. நிஜத்துல நம்ம ஊர்ல சைலசினை விட அமிட்ராஸ் விஷம்தான் ஆஸ்பத்திரிக்கு அதிகம் வரும், ஏன்னா அது ஒவ்வொரு கொட்டாயிலயும் இருக்கு. 12.5 சதவீதக் கரைசல், லிட்டர் தண்ணிக்கு 2 மி.லி. கலந்து தெளிக்கிறது. கலக்கின மிச்சத்தை இருமல் டானிக் பாட்டில்ல ஊத்தி அடுப்பு மாடத்துல வைக்கிறதுதான் வினை.

இதுல பெட்ரோல் மாதிரி ஒரு கரைப்பான் இருக்கு. வாந்தி எடுக்க வைக்காதீங்க, நுரையீரலுக்குப் போனா நிமோனியா. இதையும் பூச்சிமருந்துன்னு நினைச்சு அட்ரோபினைக் கொட்டுறது நடக்குது. மேல 'இரவு டூட்டி' எழுதின வாய் வறட்சிச் சோதனை இதுக்கும் பொருந்தும்.

தெளிக்கும்போது காத்துக்கு எதிரா நிக்காதீங்க, குதிரைக்குத் தெளிக்கவே தெளிக்காதீங்க, குடல் நின்னுடும்.

ஊசிமுனை
21-11-2024, காலை 7.20

மயக்க மருந்துக்கு இவ்வளவு பயந்துட்டு, கோமாரி ஊசிக்கு யாரும் பயப்படுறதில்லை. அது எண்ணெய்ல கலந்த தடுப்பூசி. விரல்ல குத்தினா முதல்ல ஒண்ணும் தெரியாது, ஒரு பொட்டு. அப்புறம் எண்ணெய் விரலுக்குள்ள பரவி ரத்த ஓட்டத்தை நெருக்கி விரலையே எடுக்க வேண்டி வரலாம். அன்னிக்கே அறுவை டாக்டர் கிட்ட போய் "எண்ணெய்த் தடுப்பூசி"ன்னு சொல்லி லேபிளைக் காட்டணும். சைலசின் குத்தினவன் மறுநாள் எழுந்து வந்துடலாம், எண்ணெய் குத்தினவன் விரல் வராது.

டிராவிஸ்
21-11-2024, இரவு 8.45

உண்மை. நான் எழுதாம விட்டது.

அட்ரினலின் கலந்த லிக்னோகெயின் விரல்ல ஏறினாலும் விரல் வெள்ளையாகும். வெதுவெதுப்பான தண்ணியில வெச்சுக்கிட்டே ஆஸ்பத்திரிக்குப் போங்க. சும்மா லிக்னோகெயின்னா மரத்துப் போறதோட முடியும். நிறைய ரத்தத்துல போயிட்டா மட்டும் வாயைச் சுத்தி மரப்பு, காதுல இரைச்சல், வலிப்பு.

ஓசூர்ல நாய், பூனை கிளினிக் வெச்சிருக்கிறவங்களுக்கு: ஐசோஃப்ளூரேன் (மூச்சு வழியா கொடுக்கிற மயக்க மருந்து) மூக்குக்கு மணக்குதுன்னா கசியுதுன்னு அர்த்தம். மெஷின் கழிவுக் குழாயை ஜன்னல் வழியா வெளிய விடுங்க. கரி வடிகட்டி வெச்சிருந்தா எடை போட்டு, 50 கிராம் ஏறினதும் மாத்துங்க. பார்வைக்குப் புதுசு மாதிரிதான் இருக்கும்.

கொட்டாய்
22-11-2024, மாலை 5.05

காலி பாட்டில்? எங்க பக்கம் குழந்தைங்க மண்ணெண்ணெய் விளக்கு செய்யுதுங்க.

ஊசிமுனை
22-11-2024, மாலை 6.40

ரப்பர் மூடி பாட்டில்ல "காலி"ன்னு நினைக்கிறதுல அரை மி.லி. எப்பவும் நிக்கும். கொட்டாய்ல விடவே கூடாது. டாக்டர்கிட்டயே திருப்பிக் கொடுத்துடுங்க. 2016 மருத்துவக் கழிவு விதிப்படி ஊசி துளைக்காத வெள்ளை டப்பாவுல, கண்ணாடி நீலத்துல போகணும். கீட்டமின் ஷெட்யூல் எக்ஸ்ல (கடுமையான கட்டுப்பாடு உள்ள மருந்துப் பட்டியல்) இருக்கு, மருந்துக்கடை சீட்டை ரெண்டு பிரதியா வாங்கி ரெண்டு வருஷம் வெச்சிருக்கணும், மருந்தைப் பூட்டி வைக்கணும். சைலசினுக்கு அந்தக் கெடுபிடி இல்லைங்கறதால 30 மி.லி. பாட்டில் சன்னல்ல விபூதித் தட்டு பக்கத்துல நிக்குது.

பாலக்கோட்டுக்காரன்
02-02-2025, இரவு 9.30

பழைய இழையைத் தோண்டறேன். லேபிள் சாணித்தண்ணி பட்டு அழிஞ்ச பாட்டில்னா ஆஸ்பத்திரிக்கு எதைக் காட்டுறது?

டிராவிஸ்
02-02-2025, இரவு 10.12

ஊசி போடுறதுக்கு முன்னாடியே ஃபோன்ல ஒரு படம் எடுத்து வெச்சுக்குங்க: பேர், வீரியம், பேட்ச் நம்பர் தெரியற மாதிரி. அழிஞ்சிருந்தா ஊசி போட்ட டாக்டருக்கு ஃபோன் போட்டு அவரையே அவசரப் பிரிவு டாக்டர் கிட்ட பேச விடுங்க. டெல்லி எய்ம்ஸ் விஷத் தகவல் மையம் 1800 116 117, எந்த நேரமும் எடுப்பாங்க, டாக்டர்கள் அதுல கேட்கலாம். குத்தின சிரிஞ்சையும் தூக்கிப் போடாதீங்க. ஊசியைக் கழட்டாம கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவுல போட்டு டப்பாவை மூடி, அது மேல குத்தின நேரத்தை எழுதி வைங்க.

பாலக்கோட்டுக்காரன்
02-02-2025, இரவு 10.20

சரிங்க. மாட்டுக்கு நாளைக்குக் காலைல. படம் இப்பவே எடுத்துட்டேன், 20 மி.கி.தான்.